நானே வாய்திறந்து கேட்டால், நானே பழக்கிவிட்டதாக ஆகாதா?

கேள்வி:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் 9 ஆம் தரம் படிக்கிறான், இளையவள் 5 ஆம் தரம். கணவர் கட்டாரில் வேலை. வீட்டில் நானும் பிள்ளைகளும் அம்மாவும்தான். அம்மாவுக்குச் சீனி வருத்தம். பக்கத்து வளவில் அக்கா குடும்பம் இருக்கிறது. போன கிழமை மகனின் பள்ளிக்கூடக் காற்சட்டையைக் கழுவப் போடும்போது பொக்கற்றுக்குள் வெறும் குளிசை அட்டை ஒன்று கிடந்தது. பெயர் இருந்த பக்கம் கிழிந்திருந்தது. எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு மாதமாக ரியூசன் முடிந்து பிந்தித்தான் வருகிறான். கேட்டால், கூட்டாளிமாரோடு வாவிக் கரையில் நின்றேன் என்கிறான். போதைப்பொருள் பற்றி நானே வாய்திறந்தால், தெரியாத பிள்ளைக்கு நானே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இவருக்குச் சொன்னால் போனிலேயே கத்துவார். பொலிசில் ஒருக்கா கொண்டுபோய்க் காட்டிப் பயப்படுத்து என்று அக்கா பொதுவாகச் சொல்லுவா. வெளியில் தெரிந்தால் ஆக்கள் என்ன கதைப்பார்கள் என்ற யோசனையும் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தாய், அமிர்தகழி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேளுங்கள். கட்டாயம் கேட்க வேண்டும். ஐஸ் (மெதம்பெட்டமைன்), கேரளக் கஞ்சா, ‘குடு’ (ஹெரோயின்) என்ற பெயர்களெல்லாம் உங்கள் மகனின் வயதுப் பிள்ளைக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. செய்தியில் நாளாந்தம் வருகின்றன, போனில் வருகின்றன, பஸ் தரிப்பிடத்தில் பேச்சாக வருகின்றன. இதைப் பற்றி அம்மா என்ன நினைக்கிறா, தனக்கு ஏதும் நடந்தால் அம்மாவிடம் வந்து சொல்லலாமா என்பதுதான் அவனுக்குத் தெரியாது. அதை உங்களைத் தவிர வேறு யாராலும் அவனுக்குச் சொல்ல முடியாது.

முதலில் அந்த அட்டையைப் பார்ப்போம். அது தலையிடிக்கு விழுங்கிய பனடோலாகவும் இருக்கலாம். கூட்டாளி போட்டுவிட்டுத் தந்த குப்பையாகவும் இருக்கலாம். ஆனால் பெயர் கிழிந்திருப்பதைக் கவனிக்காமல் விடவும் முடியாது. இப்போது இளம் பிள்ளைகளிடம் புழங்கும் ‘போதைக் குளிசை’களில் ஒன்று பிரிகபலின். அது களவாகச் செய்யப்படும் சாமான் இல்லை. வலிப்புக்கும் நரம்பு நோவுக்கும் வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து. சீனி வருத்தக்காரருக்கு இரவில் கால் எரிவு வந்தால் அதையும் சில வேளை எழுதுவார்கள். ஆகவே மகனிடம் போக முதல் உங்கள் அம்மாவின் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். எத்தனை அட்டை வாங்கினீர்கள், எத்தனை மிச்சம் என்று கணக்குப் பாருங்கள். குறைந்திருந்தால் உங்களுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். குறையாவிட்டாலும் அந்தப் பையை இன்றிலிருந்து அலுமாரியில் பூட்டி வையுங்கள். குளிசைகளைக் கட்டில் தலைமாட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், சாமியறைத் தட்டில் வைக்கும் பழக்கம் எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. 9 ஆம் தரத்தில் பிள்ளை இருந்தால் நீங்கள் யுத்த காலத்தில் வளர்ந்தவர் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் எந்த வீட்டிலும் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தது ஒன்றுதான்: வாயைத் திறக்காதே. ஆரு வந்தார்கள், ஆரு போனார்கள், எதைக் கண்டாய் என்று ஒருவருக்கும் சொல்லாதே. அப்படி வாய் மூடி இருந்ததால்தான் பல பிள்ளைகள் உயிரோடு மிஞ்சினார்கள். எங்கள் தாய்மார் செய்தது பிழை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் யுத்தம் முடிந்தும் அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. பயமான விடயம் என்றால் கதைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. இன்று அந்த மௌனத்தால் லாபம் பார்க்கிறவன் குளிசை விற்கிறவன் ஒருவன்தான். பிள்ளை வீட்டில் சொல்ல மாட்டான், தாய் அயலில் சொல்ல மாட்டாள் என்பதை அவன் நன்றாக அறிவான்.

அக்கா சொல்லும் பொலிஸ் யோசனையைச் செய்யாதீர்கள். அவ அன்பினால்தான் சொல்கிறா. ஆனால் பயமுறுத்தித் தடுக்கலாம் என்ற எண்ணத்தை உலகம் முழுக்கப் பரீட்சித்துப் பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1983 இல் பொலிஸ் அதிகாரிகளே வகுப்பறைக்கு வந்து போதைப்பொருள் பாடம் நடத்தும் திட்டம் ஒன்று தொடங்கியது. டெயார் என்று பெயர். நாடு முழுக்கப் பரவியது. பல வருடம் ஆராய்ந்து பார்த்தபோது, அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் பாவனையில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013 இல் தடுப்புக்கான சர்வதேச நியமங்களை வெளியிட்டது. 2018 இல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து அதைத் திருத்தியது. வெறும் தகவலைக் கொட்டுவது, அச்சமூட்டுவது, பழைய பாவனையாளரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது ஆகியவற்றால் பயன் இல்லை, சில வேளை தீமையும் வருகிறது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். பலன் தருவதாகக் கண்டவற்றில் பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி கொடுப்பது முக்கியமான ஒன்று. பாசத்தோடு இருப்பது, பிள்ளை எங்கே, யாரோடு என்று தெரிந்திருப்பது, வீட்டுச் சட்டம் இன்னது என்று தெளிவாகச் சொல்வது என்பவைதான் அந்தப் பயிற்சியின் உள்ளடக்கம். பாடசாலையில் அழுகிய வாயின் படங்களைக் காட்டிவிட்டுப் போகும் கண்காட்சிகளை நடத்துவோர் இதைக் கருத்தில் எடுக்க வேண்டும் என்று நான் தொடர்ந்து சொல்லி வருகிறேன்.

எப்படிக் கதைப்பது என்று கேட்பீர்கள். முன்னால் இருத்தி வைத்து விசாரணை வேண்டாம். அந்த வயது ஆண்பிள்ளைகள் கண்ணைப் பார்த்துக் கதைக்க மாட்டார்கள். பக்கத்தில் நின்று கை ஏதாவது வேலை செய்யும்போதுதான் வாய் திறக்கும். குசினிப் படியில் இருந்து றால் உடைக்கும்போது கூப்பிடலாம், சைக்கிள் செயின் பூட்டும்போது பக்கத்தில் போய் நிற்கலாம். தங்கச்சியும் அம்மம்மாவும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள். போன் உங்கள் கையிலும் இருக்கக் கூடாது.

‘மனே, உன்ட காற்சட்டை கழுவக்குள்ள இந்த அட்டை கிடந்த. எனக்குப் பயமா இரிக்கி. ஏசுறதுக்குக் கேக்கல்ல. இது என்னண்டு சொல்லு.’

இவ்வளவுதான். இதற்குப் பிறகு நீங்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். அரை நிமிஷம் அவன் பேசாமல் இருந்தால், அந்த இடைவெளியை நிரப்ப எங்களுக்கு அவதி வந்துவிடும். ‘அப்பா அங்க வெயிலுக்க கிடந்து கஷ்டப்படுறார், நீ இப்பிடிச் செய்யிறியா’ என்று தொடங்கிவிடுவோம். தொடங்கினால் முடிந்தது. பிள்ளை தலையைக் குனிந்துகொள்வான், நீங்கள் அழுவீர்கள், அந்த அட்டை என்ன என்பது கடைசி வரைக்கும் தெரிய வராது.

‘அது என்ட இல்ல, கூட்டாளிட’ என்று பெரும்பாலும் சொல்லுவான். பொய்யாக இருக்கலாம். உடனே பிடித்து மடக்காதீர்கள். ‘சரி, கூட்டாளிட எண்டே வச்சிக்குவம். அவன் எதுக்குப் போடுறான்? உன்னட்டயும் தந்தவனா? நீ என்ன சொன்ன?’ என்று கேளுங்கள். கூட்டாளியின் கதையாகச் சொல்லத் தொடங்கும் பிள்ளை பாதி வழியில் தன் கதைக்கு வருவான். அன்றைக்கு வராவிட்டால் இரண்டு நாள் விட்டுத் திரும்பவும் கேளுங்கள். ஒரே இருப்பில் முடிக்கிற கதை இல்லை இது. வருடக் கணக்கில் சின்னச் சின்னத் துண்டாக நடக்க வேண்டியது.

உங்கள் நிலைப்பாட்டை மட்டும் மழுப்பாமல் சொல்லுங்கள்: ‘எங்கட வீட்டில கஞ்சாவும் வேணாம், குளிசையும் வேணாம், சிகரெட்டும் வேணாம். அதில மாற்றமில்ல. ஆனா நீ எதைச் செஞ்சிட்டு வந்தாலும் முதல் எனக்கிட்டத்தான் வரணும். நடுச்சாமமெண்டாலும் எழுப்பு.’ இந்த இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் மறைப்பான். இரண்டாவதை மட்டும் சொன்னால் அம்மாவுக்கு இது பெரிய விடயமில்லை என்று எடுத்துக்கொள்வான்.

கூட்டாளி நீட்டும்போது மறுக்க அவனுக்கு ஒரு சாட்டு வேண்டும். பதினாலு வயதில் ‘வேணாம்’ என்று வெறுமனே சொல்வது லேசான காரியமில்லை, பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வந்துவிடும். உங்களைச் சாட்டச் சொல்லுங்கள். ‘எங்கட அம்மா விசர்க் கேஸ், வாயை மணந்து பாப்பா’ என்று சொல்லிவிட்டு வரட்டும். நீங்கள் கெட்ட பெயர் எடுங்கள், பரவாயில்லை.

இன்னொன்றையும் அவனுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், பெரும்பாலான பெற்றோர் இதைச் சொல்வதே இல்லை. பாவிப்பதைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறோம், கொண்டு போய்க் கொடுப்பதைப் பற்றி எச்சரிப்பதில்லை. ‘தம்பி, இந்தப் பார்சல ரோட்டு முடக்கில நிக்கிற அண்ணாட்டக் குடுத்திட்டு வா, ரீலோட் போட்டு விடுறன்’ என்று கேட்பார்கள். பள்ளிக்கூட உடுப்போடு போகும் பிள்ளையை ஒருவரும் சோதிக்க மாட்டார்கள் என்பதால்தான் கேட்கிறார்கள். நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்ட பிறகு, 5 கிராம் அல்லது அதற்கு மேல் ஐஸ் வைத்திருந்தாலோ கடத்தினாலோ மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். 1976 க்குப் பிறகு இலங்கையில் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சட்டம் வேறாகத்தான் நடத்தும். என்றாலும் 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடைதான். அதை அவன் முன்னால் ஒரு கரண்டியில் அள்ளிக் காட்டுங்கள். இது பயமுறுத்தல் இல்லை, அவன் தெரிந்திருக்க வேண்டிய நாட்டுச் சட்டம். என்ன இருக்கிறது என்று தெரியாத பார்சலை மாமன் மச்சான் தந்தாலும் தூக்கக் கூடாது.

மாமன் மச்சான் என்றதும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு முதல் பாடம் பெரும்பாலும் வீட்டு முற்றத்தில்தான் நடக்கிறது. பூப்புனித நீராட்டு விழா, கலியாண வீடு, வெளிநாட்டிலிருந்து ஆள் வந்த சந்தோஷம் என்று பின் வளவில் போத்தல் திறக்கும்போது, ஐஸ் கட்டி எடுத்துக் கொடுக்கிறவனும் சோடா வாங்கி வருகிறவனும் இந்த வயதுப் பிள்ளைதான். ‘மருமகன், ஓடிப்போய் ரெண்டு சிகரெட் வாங்கிட்டு வாங்க’ என்று காசைக் கொடுத்து அனுப்புவதும் உண்டு. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு இரண்டையும் விற்பது குற்றம். ‘மாமாவுக்கு’ என்று பிள்ளை சொன்னாலும் கொடுக்கிற கடைக்காரர் குற்றம்தான் செய்கிறார். உங்கள் வளவுக்குள் இந்த எடுபிடி வேலையை நிறுத்துங்கள். குடிக்கிறவர்களோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை, ‘என்ட பிள்ளைய இதுக்கு அனுப்பாதங்க’ என்ற ஒரு வார்த்தை போதும்.

கணவருக்குச் சொல்லத்தான் வேண்டும். மறைத்து வைத்து வேறு யார் வாயாலும் அவர் கேள்விப்பட்டால் இரட்டைக் கோபம் வரும். ஆனால் மகனோடு நீங்கள் கதைத்த பிறகு, அவருக்கு வேலை இல்லாத வெள்ளிக்கிழமையில், பிள்ளைகள் இல்லாத நேரம் சொல்லுங்கள். கத்துவார். கத்தி முடிக்கட்டும். பயத்தில் வரும் கோபம் அது. பிறகு அவரிடம் ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்: கிழமைக்கு ஒருநாள் மகனோடு மட்டும், புள்ளிகளைப் பற்றிக் கேட்காமல், கால் மணித்தியாலம் கதைக்க வேண்டும். மாட்ச் பற்றிக் கதைக்கட்டும், அங்கத்தைய சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கட்டும். அனுப்பும் காசைவிட இது மகனுக்கு முக்கியம்.

எங்கள் பகுதிக்கு ஒரு பலம் இருக்கிறது. மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கே வளவும் வீடும் போவதால், சகோதரிமார் பெரும்பாலும் பக்கம் பக்கமாகக் குடியிருக்கிறார்கள். பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம், சின்னம்மா அடுத்த ஒழுங்கையில், தாய்மாமன் கூப்பிடு தூரத்தில். வேறு ஊர்களில் ஆலோசகர்கள் ‘பிள்ளைக்கு நம்பிக்கையான இன்னொரு பெரியவரைத் தேடிக் கொடுங்கள்’ என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள், உங்களுக்கு அது வேலிக்கப்பால் இருக்கிறது. உங்களிடம் சொல்ல முடியாததை மகன் யாரிடம் சொல்லுவான் என்று யோசியுங்கள். நிதானமான ஒரு மாமனாக இருந்தால் அவரிடம் ஒரு சொல் போட்டு வையுங்கள். கதை வெளியில் போகாது என்ற நம்பிக்கை உள்ளவராக இருக்க வேண்டும், அதில் கவனம்.

ஐஸ்லாந்து என்ற சின்ன நாட்டில் 1998 இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 வீதமானோர் முந்திய மாதத்தில் வெறிக்கக் குடித்திருந்ததாகக் கணக்கெடுப்பில் தெரிந்தது. 2016 இல் அது 5 வீதமாகியது. அவர்கள் செய்ததில் இங்கே ஒத்துவரக் கூடியது எது என்று பார்த்தால், பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள், பிள்ளைகள் இரவில் வெளியில் அலைவதைச் சேர்ந்து குறைத்தார்கள், பின்னேரத்தை விளையாட்டாலும் இசையாலும் நிரப்பினார்கள். உங்கள் மகனோடு வாவிக் கரையில் நிற்கும் பிள்ளைகளின் தாய்மாரை உங்களுக்குத் தெரியுமா? ரியூசன் எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஆசிரியரிடம் கேட்டீர்களா? மூன்று தாய்மார் போன் இலக்கத்தை மாற்றிக்கொண்டு, ‘எங்கட பிள்ளைகள் ஆறரைக்குள்ள வீட்டில நிக்கணும்’ என்று ஒரே நேரத்தை வைத்தால், ‘அவன மட்டும் விடுறாங்க’ என்ற சாட்டுக்கே இடமில்லை. வாவிக் கரைக்குப் போகவே கூடாது என்று தடுக்காதீர்கள். வெளிச்சத்தோடு போய் தூண்டில் போட்டுவிட்டு வரட்டும். மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் பெடியன்மார் எவ்வளவு உற்சாகமாக ஓடித் திரிகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். தான் தேவைப்படுகிற ஓர் இடம் அந்த வயதுக்கு வேண்டும். திருவிழா முடிந்த மற்ற மாதங்களுக்கும் கழகமோ, பந்தோ, மேளமோ ஒன்றைப் பிடித்துக் கொடுங்கள்.

கதைத்த பிறகு, ‘ரெண்டு மூண்டு தரம் போட்டன்’ என்று சொன்னால்? சொன்னதற்காக அடிக்காதீர்கள். சொன்னது நல்ல அடையாளம். எங்கே எடுத்தான், வேறு என்ன பாவித்தான் என்று கேளுங்கள். ஐஸ் என்றால் இரண்டு மூன்று நாள் நித்திரையும் பசியும் இல்லாமல் திரிந்து, பிறகு அடித்துப் போட்டது போலத் தூங்குவார்கள், காரணமில்லாத சந்தேகம் வரும். ஹெரோயின் கிடைக்காத நாளில் கொட்டாவி, மூக்கு வடிதல், வியர்வை, உடம்பு நோவு, வயிற்றோட்டம் என்று காய்ச்சல் போலவே இருக்கும். பிரிகபலின் அதிகம் போட்டால் நாக்கு குழறும், நடை தள்ளாடும். ஆனால் பிந்தி எழும்புவதும் எரிந்து விழுவதும் பதினாலு வயதின் இயல்பும்தான். ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அடிக்கடி பாவிக்கிறான் என்று தெரிந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனநலம் என்ற பெயருக்குக் கூச வேண்டாம். மனநல வைத்திய நிபுணர் மகேசன் கணேசனும் அவரோடு உழைத்தவர்களும் இந்த மாவட்டத்தில் அந்தச் சேவையைக் கிராமங்கள் வரைக்கும் கொண்டு போனவர்கள். நோயாளி சொல்வதை இரகசியமாக வைப்பது வைத்தியரின் கடமை. கிழிந்த அட்டையை எறியாமல் கொண்டு போங்கள். வழமையாகப் போட்டு வந்த குளிசையை வீட்டில் பூட்டி வைத்துச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். பாடசாலையையும் நிறுத்த வேண்டாம். பாடசாலையோடு உள்ள தொடர்பு அறுந்த பிள்ளைக்கு மிஞ்சுவது அந்தக் கூட்டாளிமார் மட்டும்தான்.

எப்போதாவது எழுப்ப எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது இலவசம். தேசிக்காய்ச் சாறு, மோர், தண்ணீர் எதுவும் பருக்கக் கூடாது, சுவாசப்பைக்குள் போய்விடும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. தேசிய மனநல உதவிக்கு 1926. பிள்ளையை யாரும் மிரட்டியோ பாவித்தோ இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929. இந்த நான்கையும் உங்கள் போனில் மட்டுமல்ல, மகனின் போனிலும் பதிந்து விடுங்கள். கூட்டாளி ஒருவன் விழுந்து கிடந்தால் பயந்து ஓடாமல் 1990 ஐ அழுத்த வேண்டும், அதற்காக உன்னை நான் ஏச மாட்டேன் என்று சொல்லி வையுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பெண்பிள்ளை என்பதால் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். பத்து வயதில் பிள்ளைகள் இன்னும் தாங்களாகவே வந்து கதை சொல்லுகிறார்கள். அம்மம்மாவின் குளிசை ஏன் அம்மம்மாவுக்கு மட்டும், வைத்தியர் தந்ததை மட்டும் ஏன் போட வேண்டும், யாராவது வீட்டில் சொல்லாதே என்று எதையாவது தந்தால் ஏன் உடனே வந்து சொல்ல வேண்டும் என்ற அளவுக்கு அவளோடு இந்தக் கிழமையே கதையுங்கள். மகனோடு இன்று கதைக்க உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. அவளோடு இப்போதே தொடங்கினால் நான்கு வருடத்தில் அப்படி இருக்காது.